கல்லும் கடலும் – 7: குடி இருக்கும்வரை கோட்டை

ரோமப் பேரரசர் ஒருவர் தன் ஓய்வுக்காலத்துக்கென்று கட்டிக்கொண்ட அரண்மனைக்குள் இன்று காபிக் கடைகள் இருக்கின்றன, துணிக்கடைகள் இருக்கின்றன, மாடி ஜன்னல்களில் கயிறு கட்டித் துணி காயப்போட்டிருக்கிறார்கள். குரோஷிய நாட்டின் ஸ்பிளிட் நகரத்தின் நடுப்பகுதியே அந்த அரண்மனைதான். சென்ற வாரம் ஏட்ரியாட்டிக் கடலின் மேற்கு ஓரத்தில் வெனிஸில் இருந்தோம். இந்த வாரம் அதே கடலின் கிழக்குக் கரை. தால்மேஷியா என்று அழைக்கப்படும் இந்தக் கரையில் ஸ்பிளிட்டில் தொடங்கி, ஹ்வார், கோர்ச்சுலா தீவுகள் வழியாக டுப்ரோவ்னிக் வரை குழுவாகப் போகும் சுற்றுலாதான் இந்த வாரக் கட்டுரை.

குரோஷியாவுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகளும் குட்டித் தீவுகளும் பாறைத் திட்டுகளும் உண்டு. அவற்றில் ஆண்டு முழுவதும் ஆள் வாழ்பவை ஐம்பது அளவில்தான். நாட்டின் மொத்த மக்கள்தொகை 40 லட்சத்துக்கும் குறைவு. 2023-ஆம் ஆண்டில் அங்கே வந்த சுற்றுலாப் பயணிகளோ 2 கோடிக்கும் மேல். இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஊர்களில் நாம் பார்க்கப்போகும் ஒவ்வொன்றும் இதைச் சுற்றியே வரும்.

குழுச் சுற்றுலா என்றால் சிலர் முகம் சுளிப்பார்கள். கொடி பிடித்தவர் பின்னால் மந்தையாக ஓடி, படம் எடுத்துக்கொண்டு பேருந்தில் ஏறுவது என்று நினைக்கிறார்கள். அப்படி நடத்தப்படும் சுற்றுலாக்கள் இருக்கின்றன. ஆனால் இந்தக் கரைக்குக் குழுவாகப் போவதில் நியாயம் இருக்கிறது. பழைய ஊர்களுக்குள் வண்டி போகாது. பெட்டியைச் சுமக்க ஆள் வேண்டும். தீவுக்குத் தீவு ஃபெர்ரி பிடிக்க வேண்டும். கோடையில் அதற்கான வண்டி வரிசை மணிக்கணக்கில் நீளும். எல்லாவற்றுக்கும் மேலாக, இங்கே ஒவ்வொரு கல்லுக்கும் நான்கைந்து காலத்துக் கதை உண்டு. எடுத்துச் சொல்ல ஆள் இல்லாவிட்டால் எல்லாம் ஒரே மாதிரி வெள்ளைச் சுவராகத்தான் தெரியும். தேர்வெழுதி உரிமம் வாங்கிய உள்ளூர் வழிகாட்டிகள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். நல்ல நிறுவனம் தன் டூர் மேனேஜரோடு நிறுத்திக்கொள்ளாமல், ஊருக்கு ஊர் அவர்களை அமர்த்தும்.

அகதிகள் காத்த அரண்மனை

இந்த அரண்மனையைக் கட்டிய டயோக்ளீஷியன் ஸ்பிளிட்டுக்குப் பக்கத்தில் இருந்த சலோனா என்ற ஊர்ப்பகுதியில் பிறந்தவர். படைவீரராக இருந்து பேரரசர் ஆனவர். கி.பி. 305-ஆம் ஆண்டு மே 1 அன்று தாமாகவே பதவியைத் துறந்தார். அதுவரை ரோமில் எந்தப் பேரரசரும் அப்படி மனமொப்பி இறங்கியதில்லை. இறங்கியவர் நேராகத் தன் பிறந்த மண்ணில், கடலோரத்தில் கட்டிய இந்த அரண்மனைக்கு வந்துவிட்டார். ஏறத்தாழ 215 மீட்டர் நீளம், 180 மீட்டர் அகலம். எதிரே தெரியும் பிராச் தீவிலிருந்து வந்த வெள்ளைச் சுண்ணாம்புக் கல்லில் சுவர். எகிப்திலிருந்து கொண்டுவந்த ஸ்பிங்ஸ் சிலைகள். நான்கு திசையிலும் நான்கு வாயில்கள்: வடக்கே பொன் வாயில், கிழக்கே வெள்ளி வாயில், மேற்கே இரும்பு வாயில், தெற்கே கடலைப் பார்த்த வெண்கல வாயில்.

அவர் காலத்துக்குப் பின் அரண்மனை மெல்ல மெல்லக் கேட்பாரற்றுப் போனது. ஏழாம் நூற்றாண்டில் அவார், ஸ்லாவ் கூட்டத்தாரின் தாக்குதலில் சலோனா நகரம் அழிந்தது. உயிர் தப்பிய மக்கள் கிடைத்த இடத்தில் ஒதுங்கினார்கள். உயரமான மதில், உள்ளே ஆளில்லாத மண்டபங்கள். அவற்றுக்குள் குடியேறினார்கள். அரசர் நடந்த தூண் வரிசைகளுக்கு இடையே சுவர் எழுப்பி வீடாக்கினார்கள். படைவீரர் தங்கிய இடத்தில் குடும்பங்கள் தங்கின.

"பார்க்க ஏதோ ஆக்கிரமிப்பு மாதிரி இருக்கிறதே" என்றார் எங்கள் குழுவில் இருந்த ஓய்வு பெற்ற பொதுப்பணித் துறைப் பொறியாளர். தூணோடு தூணாக ஒட்டிக் கட்டிய ஒரு வீட்டைக் கையால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளூர் வழிகாட்டி அதற்குச் சொன்ன பதில் எனக்கு இந்தப் பயணம் முழுவதற்கும் திறவுகோலாக அமைந்தது. "சலோனாவைப் போய்ப் பாருங்கள் சார். பெரிய நகரம். குடியிருக்க யாரும் திரும்பி வரவில்லை. இன்று அது இடிபாடு. இங்கே அகதிகள் வந்தார்கள். அதனால்தான் நீங்கள் இன்று இந்தத் தூணைத் தட்டிப் பார்க்க முடிகிறது" என்றார்.

அவர் சொன்னதற்கு அரண்மனையின் ஒவ்வொரு மூலையிலும் சான்று இருக்கிறது. டயோக்ளீஷியன் தன் உடலை வைக்கக் கட்டிய எண்கோணக் கல்லறை மண்டபம் இன்று புனித டோம்னியஸ் பேராலயம். டோம்னியஸ் சலோனாவின் ஆயர். டயோக்ளீஷியன் கிறிஸ்தவர்களைக் கொன்று குவித்த அந்தக் காலத்தில் உயிர் விட்டவர். கொன்றவரின் கல்லறை கொல்லப்பட்டவரின் கோயிலானது. வழிபாடு நடந்துகொண்டே இருந்ததால் கட்டடமும் நின்றது. அதன் மரக்கதவுகளில் கிறிஸ்துவின் வாழ்க்கையை ஆண்ட்ரியா புவினா செதுக்கியது 1214-இல்.

பொன் வாயிலுக்கு மேலே ஒரு சின்னப் படிக்கட்டு ஏறினால் புனித மார்ட்டின் சிற்றாலயம். இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். காவலர் நடந்து ரோந்து பார்ப்பதற்காக மதிலுக்குள்ளேயே விட்டிருந்த இடைவழி அது. நீளம் பத்து மீட்டர் இருக்கும். அகலம் ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். இரண்டு கையையும் விரித்தால் இரு பக்கச் சுவரும் தொடும். அந்தச் சந்துக்குள் ஒரு பலிபீடம், கொடிவேலை செதுக்கிய ஒரு கல் தடுப்பு, ஒரு சிறு ஜன்னல். வாள் ஏந்தி நின்ற இடத்தில் மண்டியிட ஓர் இடம் செய்துகொண்டார்கள். இருபது பேர் ஒன்றாக நுழைய முடியாது. நாங்கள் நால்வர் நால்வராக உள்ளே போய் வந்தோம். முழங்கால் வலியோடு வந்திருந்த ஓர் அம்மா, "நான் கீழேயே இருக்கேனே" என்று தயங்கினார். டூர் மேனேஜர் விடவில்லை. "படி கொஞ்சம்தாம்மா. எல்லாரும் போய்ட்டு வரட்டும். நாம கடைசியா மெதுவாப் போவோம், நான் கூடவே வர்றேன்" என்றார். குழுவை நடத்துவது என்றால் இதுதான். கடைசி ஆளின் நடைக்கு நேரத்தை வெட்டித் தைப்பது.

அரண்மனையின் கடல் பக்கத்தில் நிலவறைகள் இருக்கின்றன. மேலே பேரரசர் வாழ்ந்த கூடங்கள் பெரும்பாலும் போய்விட்டன. கீழே அவற்றைத் தாங்கிய அறைகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. மேல் தளத்தின் அமைப்பும் கீழ்த் தளத்தின் அமைப்பும் ஒன்றுதான் என்பதால், கீழே நடந்தாலே பேரரசரின் சாப்பாட்டுக் கூடம் எது, வரவேற்புக் கூடம் எது என்று சொல்லிவிடலாம். இந்த அறைகள் தப்பித்ததற்குக் காரணம், மேலே குடியிருந்தவர்கள் நூற்றாண்டுக் கணக்கில் கழிவையும் குப்பையையும் இவற்றுக்குள் கொட்டி நிரப்பியதுதான். இருபதாம் நூற்றாண்டில் அதை அள்ளி எடுத்தபோது உள்ளே ரோமானிய வளைவுகள் குலையாமல் இருந்தன. வாழ்ந்தவர்களின் குப்பைகூட ஊரைக் காத்திருக்கிறது.

திருவரங்கத்தில் மதிலுக்குள் மதிலாக வீதிகளும் வீடுகளும் அமைந்து, கோயிலும் குடியிருப்பும் பிரிக்க முடியாமல் இருப்பதை அறிந்தவர்களுக்கு ஸ்பிளிட் உடனே பிடிபடும். யுனெஸ்கோ 1979-இல் இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது அரண்மனையை மட்டுமல்ல, அதற்குள் வளர்ந்த இடைக்கால நகரத்தையும் சேர்த்தது.

2,400 ஆண்டு வயல்

ஸ்பிளிட் துறையிலிருந்து ஃபெர்ரியில் சுமார் இரண்டு மணி நேரம் போனால் ஹ்வார் தீவின் ஸ்டாரி கிராட். பெரும்பாலான குழுக்கள் இறங்கியதும் நேராகத் தீவின் இன்னொரு பக்கத்தில் உள்ள ஹ்வார் நகரத்துக்கு ஓடிவிடும். அங்கே சொகுசுப் படகுகளும் இரவு விருந்துகளும் இருக்கின்றன. 1612-இல் ஆயுதக் கிடங்கின் மேல் தளத்தில் திறந்த பொது நாடக அரங்கம் அங்கே இருக்கிறது. ஐரோப்பாவின் மிகப் பழைய பொது அரங்குகளில் அது ஒன்று. பார்க்க வேண்டியதுதான். ஆனால் ஸ்டாரி கிராட்டைத் தாண்டிப் போகிறவர்கள் தீவின் உயிரைத் தாண்டிப் போகிறார்கள்.

கி.மு. 384-இல் ஏஜியன் கடலின் பாரோஸ் தீவிலிருந்து கிரேக்கர்கள் இங்கே வந்து குடியேறினார்கள். ஊருக்கு ஃபாரோஸ் என்று பெயர். வந்தவுடன் பக்கத்துச் சமவெளியை அளந்து பங்கு போட்டார்கள். ஒவ்வொரு பங்கும் ஏறத்தாழ 905 மீட்டர் நீளம், 181 மீட்டர் அகலம். எல்லைக்குக் கல் அடுக்கிச் சுவர் வைத்தார்கள். சுண்ணாம்பு இல்லை, சாந்து இல்லை. கல்லின் மேல் கல். அந்த அளவும் அந்த வரப்பும் இன்றுவரை மாறவில்லை. அன்று பயிரிட்ட திராட்சையும் ஒலிவமும்தான் இன்றும் பயிர். பித்தேயோஸின் மகன் மத்தியோஸ் என்பவரின் நில எல்லை என்று பொறித்த கிரேக்கக் கல் ஒன்று இங்கே கிடைத்திருக்கிறது. பட்டா இல்லாத காலத்துப் பட்டா. 2008-இல் இந்தச் சமவெளியும் உலகப் பாரம்பரியச் சின்னமானது.

இங்கே கோபுரம் இல்லை, சிலை இல்லை. படம் எடுக்க ஒன்றும் இல்லையே என்று குழுவில் சிலருக்கு ஏமாற்றம். வழிகாட்டி எங்களை ஒரு சுவரோரம் நிறுத்தி, ஒரு கல்லை எடுத்துத் திரும்ப வைக்கச் சொன்னார். பெரிய கல் அடியில், இரண்டு கல்லின் இணைப்பின் மேல் மூன்றாவது கல், இடுக்கில் சில்லு. எடுப்பது எளிது. ஆடாமல் வைப்பது எளிதல்ல. பொறியாளர் இரண்டு மூன்று தடவை திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதுக்கு வருஷா வருஷம் ஆள் வேணும். மழைக்கு ஒரு கல் சரிஞ்சா அன்னிக்கே எடுத்து வைக்கணும். விட்டா ஒரு தலைமுறைல இல்லாமப் போயிடும்."

அவர் சொன்னது தொழில் அறிந்தவரின் கணிப்பு. தீவின் வரலாறும் அதையே சொல்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஃபிலோக்செரா என்ற வேர்ப்பூச்சி தால்மேஷியத் திராட்சைத் தோட்டங்களை அழித்தது. பிழைப்பு போனதும் ஆயிரமாயிரம் குடும்பங்கள் அமெரிக்கக் கண்டங்களுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பல் ஏறின. தீவுகளின் மலைச்சரிவுகளில் இன்று புதர் மூடிக் கிடக்கும் கற்சுவர்கள் எல்லாம் அவர்கள் விட்டுப் போன தோட்டங்கள். சமவெளியில் உழவு நிற்கவில்லை. அதனால் 2,400 ஆண்டு வரப்பு நிற்கிறது. சரிவில் உழவு நின்றது. நூறு ஆண்டுச் சுவர் சரிந்துவிட்டது.

அன்று மதியம் ஒரு தோட்டத்து வீட்டில் சாப்பாடு. மீன் சாப்பிடுகிறவர்களுக்குக் குழம்பாகக் கொதிக்கவைத்த மீன். எங்களில் சைவர்களுக்கு ப்ளித்வா. ஒரு வகைக் கீரையையும் உருளைக்கிழங்கையும் வேகவைத்து, பூண்டும் ஒலிவ எண்ணெயும் போட்டு மசித்தது. கும்பகோணத்துப் பெண்மணி ஒருவர் கைப்பையிலிருந்து எடுத்த மிளகாய்ப் பொடியை அதில் தூவிச் சாப்பிட, வீட்டுக்கார அம்மையார் தமக்கும் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டார். எண்ணெய் அவர்கள் மரத்துக் காயை ஆட்டி எடுத்தது. ஆளுக்கு ஒரு பாட்டில் வாங்கினோம். அந்தப் பணம் நேராக அந்த வரப்புக்குப் போகிறது என்ற நிறைவு எந்த நினைவுப் பொருள் கடையிலும் கிடைப்பதில்லை.

கோர்ச்சுலாவும் நம்ம காயலும்

கோர்ச்சுலா சின்ன ஊர். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு முனையில், நடுவே ஒரு தெரு, அதிலிருந்து இரு பக்கமும் மீன் முள் போலப் பிரியும் சந்துகள். மேற்குச் சந்துகள் நேராக இருக்கும். கோடையில் வரும் மேஸ்ட்ரால் காற்று வீடுகளுக்குள் நுழையட்டும் என்று. கிழக்குச் சந்துகள் லேசாக வளைந்திருக்கும். குளிர்காலத்து புரா காற்று ஊருக்குள் பாயாமல் இருக்கட்டும் என்று. ஏட்டில் திட்டம் போட்டவர்களுக்கு வராத யோசனை. காற்றோடு வாழ்ந்தவர்கள் வகுத்த ஊர் இது.

மார்க்கோ போலோ இங்கேதான் பிறந்தார் என்று ஊரார் ஒரு வீட்டைக் காட்டுகிறார்கள். ஆவணச் சான்று எதுவும் இல்லை. வெனிஸ்காரர்கள் ஏற்பதும் இல்லை. உறுதியான செய்தி ஒன்று உண்டு. 1298-இல் ஜெனோவாவின் கப்பற்படை வெனிஸின் கப்பற்படையை இந்தத் தீவின் கடலில்தான் தோற்கடித்தது. அந்தப் போரில் போலோ சிறைப்பட்டார் என்பது வழிவழியாக வரும் செய்தி. ஜெனோவாச் சிறையில் உடன் இருந்த ரஸ்டிசெல்லோ என்ற பீசா நகரத்து எழுத்தரிடம் அவர் தம் பயணங்களைச் சொல்ல, அது நூலானது.

அந்த நூலில் நம் கரை இருக்கிறது. சீனத்திலிருந்து திரும்பும் வழியில் பாண்டிய நாட்டைப் பார்த்த போலோ, முத்துக்குளிப்பை விரிவாகச் சொல்கிறார். மூழ்குவோருக்குக் கடல்மீன்களால் ஆபத்து வராமல் மந்திரம் சொல்லிக் கட்டுவோருக்கு எடுக்கும் முத்தில் இருபதில் ஒரு பங்கு கூலி என்கிறார். அரபு நாடுகளிலிருந்து குதிரைகள் வந்து இறங்கும் காயல் துறைமுகத்தின் செல்வத்தைச் சொல்கிறார். தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்துக் காயல்தான் அது. கோர்ச்சுலாவின் சந்தில் நின்று இதைச் சொன்னபோது, குழுவில் இருந்த தூத்துக்குடித் தம்பதியின் முகம் மலர்ந்தது. உலகம் சுற்றிய அந்த மனிதரை இந்தக் கரையும் நம் கரையும் சேர்ந்தே பேசிக்கொள்ளலாம்.

மாலையில் மொரேஷ்கா பார்த்தோம். இரண்டு அரசர்கள் ஒரு பெண்ணுக்காகப் படையோடு மோதும் வாள் நடனம். ஆடுபவர் ஒவ்வொருவர் கையிலும் இரண்டு இரும்பு வாள்கள். ஏழு மோதல்கள். ஒவ்வொன்றுக்கும் தனி அடவு, தனித் தாளம். வாளோடு வாள் உரசித் தீப்பொறி பறக்கும். பல நூற்றாண்டுகளாக இங்கே ஆடிவருகிறார்கள். மத்தியதரைக் கடலோரத்தில் இதுபோன்ற நடனங்கள் பல ஊர்களில் இருந்து மறைந்தபோது, உண்மையான வாள் ஏந்தி ஆடும் மரபு இங்கே தங்கியது. காரணம் எளிது. ஆடுபவர்கள் கூலிக்கு வந்த கலைஞர்கள் அல்லர். உள்ளூர்க் குடும்பங்களின் பிள்ளைகள். தாத்தா ஆடியதை அப்பா ஆடினார், அப்பா ஆடியதை மகன் ஆடுகிறான். ஊரில் பிள்ளைகள் வளரும்வரை மொரேஷ்கா இருக்கும்.

உப்பும் பாலமும்

கோர்ச்சுலாவிலிருந்து ஒரு சின்ன ஃபெர்ரியில் பெல்யேஷாட்ஸ் தீபகற்பம். அதன் கழுத்தில் ஸ்டோன் என்ற ஊர். மலை ஏறி இறங்கும் ஐந்தரை கிலோமீட்டர் மதில், அதன் காலடியில் உப்பளம். டுப்ரோவ்னிக் குடியரசு 1333-இல் இந்தத் தீபகற்பத்தை வாங்கிய பிறகு எழுப்பிய மதில் இது. இவ்வளவு சின்ன ஊருக்கு இவ்வளவு நீள மதில் எதற்கு என்று கேட்டால், உப்புப் பாத்திகளைக் காட்டுவார்கள். அன்றைக்கு உப்பு என்றால் பணம். குடியரசின் வருமானத்தில் பெரும் பங்கு இங்கிருந்து போனது. பாத்திகளுக்குப் புனிதர்களின் பெயர் வைத்திருக்கிறார்கள். இன்றும் கோடையில் கடல்நீரைப் பாத்தி கட்டிக் காயவைத்து உப்பு வாருகிறார்கள்.

இங்கே புதியதும் ஒன்று உண்டு. 1699-இல் கார்லோவிட்ஸ் உடன்படிக்கையின்போது, வெனிஸ் தன் எல்லையில் வந்து ஒட்டிவிடக் கூடாதென்று டுப்ரோவ்னிக் குடியரசு கடலோரத்தில் ஒரு துண்டு நிலத்தை ஒட்டோமன் பேரரசுக்கு விட்டுக்கொடுத்தது. அந்தத் துண்டுதான் இன்று போஸ்னியா நாட்டின் நேயும் பகுதி. மூன்று நூற்றாண்டுக்கு முந்தைய அந்த ராஜதந்திரத்தால், குரோஷியாவின் தென்கோடி நாட்டிலிருந்து நிலவழியில் துண்டாகிக் கிடந்தது. ஸ்பிளிட்டிலிருந்து டுப்ரோவ்னிக் போகிறவர்கள் இரண்டு தடவை எல்லைச் சோதனைக்கு நிற்க வேண்டியிருந்தது. 2022 ஜூலையில் திறந்த 2.4 கிலோமீட்டர் பெல்யேஷாட்ஸ் பாலம் அதைத் தீர்த்தது. 2023 ஜனவரி 1 முதல் குரோஷியா ஷெங்கன் பகுதியிலும் சேர்ந்துவிட்டது; நாணயம் யூரோ. நாம் ஷெங்கன் விசாவிலேயே போகலாம். ஆனால் சுற்றுலாவில் போஸ்னியாவும் மோன்டெனெக்ரோவும் இருந்தால் அவை ஷெங்கனுக்கு வெளியே என்பதால், போய்த் திரும்பி நுழைவதற்குப் பலமுறை நுழைவு விசா வேண்டும். முன்பணம் கட்டுமுன் இதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

டுப்ரோவ்னிக்

கடைசியாக டுப்ரோவ்னிக். மதில் 1,940 மீட்டர். சில இடங்களில் 25 மீட்டர் உயரம். நிலப்பக்கம் 6 மீட்டர் வரை கனம். ஆனால் ரகூசா என்ற பெயரில் பல நூற்றாண்டு தனிக் குடியரசாக இந்த ஊர் நின்றதற்கு மதிலைவிட மதிதான் காரணம். ஒட்டோமன் சுல்தானுக்கு ஆண்டுதோறும் 12,500 பொற்காசு கப்பம் கட்டி, அவர் நாடு முழுவதும் வணிகம் செய்யும் உரிமையைப் பெற்றார்கள். அதிகாரம் ஒருவர் கையில் தங்கிவிடக் கூடாதென்று தலைவரின் பதவிக்காலத்தை ஒரே மாதமாக வைத்தார்கள். 1377-இல் கொள்ளைநோய் பரவும் ஊர்களிலிருந்து வருகிறவர்கள் 30 நாள் வெளியே தங்கிய பிறகே நகருக்குள் நுழைய வேண்டுமென்று சட்டம் போட்டார்கள். தனிமைப்படுத்தலுக்கு உலகில் இயற்றிய முதல் சட்டம் அது. 1416-இல் அடிமை வணிகத்தைத் தடைசெய்தார்கள். 1808-இல் நெப்போலியனின் படைத்தலைவர் குடியரசைக் கலைக்கும்வரை இந்த ஏற்பாடு நின்றது.

ஊரின் நடுத்தெருவான ஸ்ட்ராடுனில் இரண்டு இடங்களில் நிற்க வேண்டும். ஒன்று, ஓர்லாண்டோ தூண். வாளேந்திய வீரனின் கற்சிலை. அவன் வலது முன்கைதான் குடியரசின் அளவுகோல், 51.2 சென்டிமீட்டர். துணி வாங்கியவருக்கு அளவில் சந்தேகம் வந்தால் இங்கே வந்து அளந்துகொள்ளலாம். தூணின் அடியில் அந்த நீளத்துக்குக் கோடு வெட்டி வைத்திருக்கிறார்கள். எங்கள் பொறியாளர் தம் முன்கையை அதில் வைத்துப் பார்த்து, "எனக்குக் கொஞ்சம் குறையுது" என்று சொல்ல, எல்லோரும் வரிசையில் நின்று கையை நீட்டினார்கள்.

இன்னொன்று, கடைவாசல்கள். 1667 ஏப்ரல் 6 அன்று நிலநடுக்கத்தில் ஊர் தரைமட்டமானது, ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். மிஞ்சியவர்கள் ஊரை விட்டுப் போகவில்லை. ஒரே உயரம், ஒரே அமைப்பு என்று விதி வகுத்து ஸ்ட்ராடுனை மறுபடி கட்டினார்கள். தரைத்தளக் கடை ஒவ்வொன்றுக்கும் ஒரே கல் வளைவுக்குள் கதவும் ஜன்னலும் சேர்ந்திருக்கும். ஜன்னலின் அடிக்கல்தான் கல்லாப் பலகை. கடைக்காரர் உள்ளே, வாங்குபவர் தெருவில். குனிந்து அந்தக் கல்லைப் பாருங்கள். விளிம்பு வழுவழுவென்று தேய்ந்திருக்கும். மூன்று நூற்றாண்டாகச் சாமான் நகர்த்தி, காசு எண்ணி, முழங்கை ஊன்றிப் பேரம் பேசிய தேய்மானம்.

மதிலின் மேல் சுற்றி வரும்போது கீழே கூரைகள் தெரியும். சில ஓடுகள் மங்கிய மஞ்சள். பெரும்பாலானவை பளிச்சென்ற செம்மஞ்சள். புதியவை எல்லாம் போருக்குப் பின் போட்டவை. யூகோஸ்லாவியா உடைந்தபோது 1991 அக்டோபரில் ஊர் முற்றுகையிடப்பட்டது. டிசம்பர் 6 அன்று பழைய நகரத்தின் மீதே குண்டுகள் பொழிந்தன. 824 கட்டடங்களில் 68 சதவீதம் தாக்கப்பட்டன. தண்ணீரும் மின்சாரமும் இல்லாமல் மக்கள் மதிலுக்குள்ளேயே தாக்குப்பிடித்தார்கள். பிறகு பழைய முறையிலேயே பழுது பார்த்தார்கள்.

நிலநடுக்கம் காலி செய்யாத ஊர், குண்டு காலி செய்யாத ஊர், இப்போது காலியாகிக்கொண்டிருக்கிறது. போர்க் காலத்தில் மதிலுக்குள் சுமார் 5,000 பேர் குடியிருந்தார்கள். இன்று அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. வீடுகள் சுற்றுலா வாடகை அறைகளாகிவிட்டன. காய்கறிக்கடை இருந்த இடத்தில் தொலைக்காட்சித் தொடர் பொம்மைகள் விற்கிறார்கள். சொகுசுக் கப்பல்கள் காலையில் ஆயிரமாயிரம் பேரை இறக்கிவிட்டு மாலையில் ஏற்றிக்கொண்டு போகின்றன. வந்தவர்கள் இங்கே தூங்குவதில்லை. பலர் இங்கே சாப்பிடுவதுகூட இல்லை.

ஊர் கைகட்டி நிற்கவில்லை. 2019-இல் கப்பல் நிறுவனங்களோடு ஓர் ஒப்பந்தம் செய்து, ஒரே நேரத்தில் இரண்டு கப்பல்களுக்கு மேல் வரக் கூடாது, பயணிகள் 4,000-க்கு மிகக் கூடாது என்று வரம்பு கட்டினார்கள். மதிலுக்குள் புதிய சுற்றுலா வாடகை அறைகளைக் கட்டுப்படுத்த நகர நிர்வாகம் முனைந்திருக்கிறது. கல் தெருவில் சக்கரப் பெட்டியை இழுத்து இரவில் உறங்குபவர்களை எழுப்ப வேண்டாம் என்று பயணிகளைக் கேட்டுக்கொள்கிறார்கள். சிரிக்க வேண்டாம். அந்தச் சத்தத்தைக் கேட்க ஆள் இருப்பதுதான் ஊர் இன்னும் ஊராக இருப்பதற்கு அடையாளம்.

குழுவாகப் போகும் நமக்கு இதில் பங்கு உண்டு. நாற்பது பேர் எங்கே தங்குகிறார்கள், எங்கே சாப்பிடுகிறார்கள், யாரிடம் வாங்குகிறார்கள் என்பது ஒரு சின்ன ஊருக்குப் பெரிய விஷயம். தனியாகப் போகிறவர் செய்யும் நன்மையையும் தீமையையும் நாம் நாற்பது மடங்காகச் செய்கிறோம். எனவே சுற்றுலா நிறுவனத்திடம் ஐந்து கேள்விகள் கேளுங்கள். ஒவ்வொரு ஊரிலும் இரவு தங்குகிறோமா, பகலில் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறோமா? உரிமம் பெற்ற உள்ளூர் வழிகாட்டி உண்டா? குழுவில் எத்தனை பேர்? கூட்டம் பிதுங்கும் ஜூலை, ஆகஸ்ட்டை விட்டு மே அல்லது செப்டம்பரில் போக முடியுமா? உள்ளூர்க் குடும்பங்கள் நடத்தும் இடத்தில் ஒரு வேளையாவது சாப்பாடு உண்டா?

ஐந்துக்கும் நேரான பதில் வந்தால் பணம் கட்டுங்கள். கொஞ்சம் கூடுதலாகக் கேட்டாலும் கட்டுங்கள். மழுப்பினால் வேறு நிறுவனம் பாருங்கள். பயணிகள் கேட்கத் தொடங்கினால்தான் நிறுவனங்கள் மாறும். நிறுவனங்கள் மாறினால்தான் இந்த ஊர்களில் நம் பேரப்பிள்ளைகள் போகும்போதும் கதவைத் திறக்க ஒருவர் இருப்பார்.

(அடுத்த வாரம்: மோன்டெனெக்ரோவின் கோட்டோர் வளைகுடா)